வளையத்தில் ஒரு பெயர்

இதைப் படிச்சுட்டு "கப்சா விடுறா"ன்னு சொல்றவங்க தாராளமா சொல்லிக்கோங்க. எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. நடந்தது நடந்ததுதான். அதுவும் ராத்திரியில இல்ல, பட்டப்பகல்ல.

நான் வெர்னா. சஸ்காட்செவன் மாகாணத்துல, கோதுமை வயலுக்கு நடுவுல ஒரு சின்ன ஊர். ஸ்கூல் பஸ் ஓட்டுறேன். எங்கயாவது தீப்பிடிச்சா பஸ்ஸை நிறுத்திட்டு அணைக்க ஓடுவேன். அதுக்குச் சம்பளம் கிடையாது. எங்க படையில யாருக்குமே கிடையாது.

எங்க தீயணைப்பு வண்டிக் கதவுல வரிசையா கொக்கி இருக்கும். அவங்கவங்க பெயர்த் தகடு அவங்கவங்க கொக்கியில தொங்கும். நெருப்புக்குள்ள போறவங்க தகட்டைப் பம்ப் பக்கத்துல நிக்கிறவர்கிட்ட கொடுக்கணும். அவர் அதை ஒரு இரும்பு வளையத்துல கோத்துக்குவார். வெளிய வந்ததும் திரும்பக் கொக்கியில மாட்டுவார். வளையத்துல தகடு இருந்தா, உள்ள ஒரு உயிர் இருக்குன்னு அர்த்தம். வளையம் காலியாகாம வண்டி ஒரு அடி நகராது.

அந்தப் பம்ப் பக்கத்துல நாற்பத்தொரு வருஷம் நின்னவர் எமில். தானியம் ஏத்துற மெஷின்ல வலது கை விரல் ரெண்டைப் பறிகொடுத்தவர். உள்ள இருக்கிறவங்களைக் கூப்பிட, அவங்க பிடிச்சிருக்கிற தண்ணிக் குழாயை வெளியில இருந்து மூணு தடவை இழுப்பார். கொஞ்சம் விட்டு, இன்னொரு தடவை. "மூணு சட்டப்படி. நாலாவது, சீக்கிரம் வந்து தொலைன்னு அர்த்தம்"னு சிரிப்பார். வேற யாரும் நாலு தடவை இழுக்க மாட்டாங்க.

போன ஏப்ரல்ல, ஒரு சனிக்கிழமை அவரைப் புதைச்சோம். அவர் தகட்டை நானே அவர் கோட்டுப் பையில வெச்சு, பட்டனும் போட்டேன். கல்லறையிலயே கவுன்சில் தலைவர் க்ளேட்டன் ஒரு கண்ணாடி போட்ட நன்றிப் பத்திரத்தை நீட்டினார். அடுத்த மூச்சுல, "வெள்ளிக்கிழமை வண்டியை டவுனுக்கு எடுத்துட்டுப் போறோம். படையில மிஞ்சின மூணு பேருக்கு எதுக்கு ஒரு வண்டி?"ன்னார். டவுன்ல இருந்து வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம். அதுக்குள்ள சாம்பல்தான் மிஞ்சும்.

புதன்கிழமை மத்தியானம் 2.10. ஊர்ல ஐஸ் சறுக்கு விளையாடுற அரங்கம் தீப்பிடிச்சிருச்சு. உள்ள காவலாளி வெண்டல்.

எங்க படைத் தலைவர் மெர்வ் பம்ப்ல நின்னார். என் தகட்டையும் படையில மூணாவது ஆளான ட்வேன் தகட்டையும் வாங்கி வளையத்துல கோத்தார். ட்வேன் வெண்டலைக் கண்டுபிடிச்சு இழுத்துட்டு முன்னாடி போனான். நான் பின்னாடி. எங்களுக்கு நடுவுல கூரை விழுந்தது.

2.31. காத்து தீரப்போகுதுன்னு முதுகுல மாட்டியிருந்த காத்து சிலிண்டர்ல மணி அடிச்சது. கண்ணுக்கு எட்டுனதெல்லாம் கறுப்புப் புகை.

குழாயைப் பிடிச்சுத் தவழ்ந்தேன். குழாய் இணைப்பைத் தடவினா வெளிய போற வழி எந்தப் பக்கம்னு தெரியும். தடவினேன். தவழ்ந்தேன்.

சூடு கூடுச்சு. ஐயோ... தப்பான பக்கம்.

மணி நின்னுடுச்சு. காத்து தீர்ந்துருச்சு.

அப்போ குழாய் இழுபட்டது. ஒண்ணு... ரெண்டு... மூணு...

அப்புறம்... நாலு.

என் கை மேல ஒரு கை. குழாய் இணைப்பை அழுத்திக் காட்டுச்சு. என்னைத் திருப்புச்சு.

கட்டை விரல். இன்னும் ரெண்டு விரல்.

அவ்வளவுதான்.

"எமில்?"

முதுகுல ஒரு தள்ளு.

வெளிச்சம்...

வெளிய வந்து விழுந்தேன். பம்ப் பக்கத்துல யாருமே இல்ல. மெர்வும் ட்வேனும் தூரத்துல, ரோட்டு மேல, வெண்டல் நெஞ்சை மாத்தி மாத்தி அமுக்கிட்டு இருந்தாங்க. அவன் இருமினான். பிழைச்சுட்டான்.

"குழாயை இழுத்தது நீங்கதானே?"ன்னு மெர்வைக் கேட்டேன்.

"நான் ட்வேன் தகட்டை மாட்டிட்டு இங்க ஓடி வந்து அஞ்சு நிமிஷமாச்சு. உன்னை இழந்துட்டோம்னே நினைச்சேன்டி." அந்த மனுஷன் அழுதார்.

வண்டிக்குப் போனேன். என் தகடு என் கொக்கியில தொங்குச்சு. யார் மாட்டினது?

வளையத்துல ஒரே ஒரு தகடு. ஈர மண் ஒட்டியிருந்தது. துடைச்சுப் பார்த்தேன்.

எமில்.

வெள்ளிக்கிழமை க்ளேட்டன் டிரைவரோட வந்தார். நான் வண்டிக்குக் குறுக்க நின்னேன். "வளையத்துல பெயர் இருக்கு. வண்டி நகராது."

"செத்தவன் தகடும்மா அது. கழட்டி எறி."

"நீங்களே கழட்டுங்க, பார்ப்போம்."

கையை வெச்சார். அலறிட்டு எடுத்தார். விரல் நுனியெல்லாம் கொப்பளம். வண்டி நின்ன கொட்டகைக்குள்ள அன்னைக்கு வாளித் தண்ணியே உறைஞ்சு கிடந்தது.

அப்போதான் எனக்குப் புரிஞ்சது. என்னை வெளிய அனுப்பிட்டு, அவர் இன்னும் உள்ளதான் இருக்கார்.

அவர் வெளிய வராம இந்த வண்டியை எவனும் தொடக்கூடாது. க்ளேட்டன் அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல. நேத்துக்கூடத் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். சுடுது.