மாமாவின் ஃபைபர் பானட்

வெட்கப்பட வேண்டிய காரியங்களை நான் நிறையவே செய்திருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி மனதைச் சமாதானப்படுத்திவிட முடிகிறது. பதினோரு வயதில் ஒரு கார் பானட் விஷயத்தில் செய்ததற்கு மட்டும் இன்றுவரை ஒரு சாக்கும் அகப்படவில்லை.

வாலாஜாபாத் போகும் ரோட்டில் அப்பா தகர ஷெட் போட்டு, கார்களுக்கு டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் செய்துகொண்டிருந்தார். ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. அம்மாவின் தம்பியான மாமா நாலு வருடமாக அப்பாவிடம் வேலையில் இருந்தார். வேலை என்றால், வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வண்டியைத் தேய்ப்பது. காலையில் தேய்ப்பார், மத்தியானமும் தேய்ப்பார். சாயங்காலம் அப்பா வந்து பெயிண்ட் அடித்துப் பேர் வாங்கிக்கொள்வார். ஸ்ப்ரே கன்னைக் கழுவி வைக்கிற உரிமை மட்டும் மாமாவுக்கு உண்டு. கழுவி முடித்ததும் காலி கன்னைச் சுவரை நோக்கிப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார்ப்பார். நான் பார்த்துவிட்டால் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிப்பார்.

அப்படியிருக்கையில் ஏனாத்தூரில் தங்கிக் காலேஜ் படிக்கும் பையன் ஒருவன் பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். பின் சீட்டில் குறுக்காக, பார்சலில் வரவழைத்த ஃபைபர் பானட். நடுவில் மூக்கு மாதிரி ஒரு மேடு இருந்தது. இன்ஜினுக்கு நன்றாகக் காற்று போகும் என்றான். அந்த இன்ஜினுக்குக் காற்றைத் தவிர வேறு பல குறைகள் இருக்கின்றன என்பது அப்பாவின் அபிப்பிராயம்.

"திங்கக்கிழமை சாயங்காலம் காலேஜ்ல ஃபங்ஷன்ணா. பளபளன்னு பிளாக் வேணும்" என்றான் பையன்.

அப்பா இரும்பை அடித்து நிமிர்த்தியே பழகியவர். ஃபைபரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு மாமாவைக் கூப்பிட்டார். "டேய், இந்த பிளாஸ்டிக் தட்ட மொதல்லருந்து நீயே பாத்துக்கோ. கலரும் நீயே அடி. ஒழுங்கா வந்துச்சின்னா இனிமே கன் உன் கைலதான்."

மாமா தலையை மட்டும் ஆட்டினார். அம்மா அன்று சாயங்காலமே கேசரி கிளறிவிட்டாள்.

ஐந்து நாள் அந்த பானட்டோடு மாமா குடித்தனம் நடத்தினார். அச்சில் ஒட்டாமல் வருவதற்காகத் தடவிய மெழுகு ஃபைபர் மேல் இருக்குமாம். அதைப் போக்காமல் தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும் என்று சோப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவினார். காரில் பொருத்திப் பார்த்தார். ஒரு பக்கம் விரல் நுழைந்தது, மறுபக்கம் உரசியது. கழற்றி, ஓரத்தை அரத்தால் ராவி, மறுபடி பொருத்தினார். எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருந்த நான் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். ஊசி குத்தினாற்போல இருந்த ஓட்டைகளை பட்டி வைத்து அடைத்தார். பிறகு சாம்பல் நிற பிரைமர், அதன் மேல் வாட்டர் பேப்பர். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே வருவார், திடீரென்று ஓரிடத்தில் நிறுத்துவார், அங்கே மறுபடியும் தேய்ப்பார். எனக்கு அங்கே ஒன்றுமே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தின்னர் நனைத்த துணியால் பானட் முழுவதையும் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இனிமே இதும்மேல கை படக் கூடாது. நான் துன்னுட்டு வந்து கலர் அடிக்கணும். நீதான் காவல். ஈ வந்தாகூட தொரத்திடு, இன்னா?"

அந்த நேரம் பார்த்து என் வகுப்புத் தோழி வந்து சேர்ந்தாள். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்காரர் வீட்டுப் பெண். அவள் வீட்டுக்கு இரண்டு வாரம் முன்னால் போயிருந்தேன். தறியில் பாதி நெய்த அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்று இருந்தது. ஆசையாகக் கையை நீட்டினேன். "எண்ணெக் கையோட தொடாத கண்ணு, கறை ஏறிடும்" என்றார் அவள் அம்மா. என் கையில் எண்ணெய் இருந்தது உண்மை. யார் வீட்டுக் குழந்தையிடமும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் தொடாதே என்ற சொல்லைக் கேட்டாலே சுருக்கென்று தைத்துவிடும், எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு. அந்தக் கோபத்தை நான் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

தோழி டீக்கடையிலிருந்து போண்டா வாங்கி வந்திருந்தாள். இரண்டு பேரும் தின்று முடித்தோம். பிறகு அவளை பானட்டிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"தொட்டுப் பாருடி. உங்க பட்டவிட வழவழன்னு இருக்குது."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வாணாம்டி. கையெல்லாம் எண்ணெயா இருக்குது."

"எங்க வீட்ல யார் வேணாலும் தொடலாம். நாங்க உங்கள மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டு, பானட்டின் நடுவில் என் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து நன்றாக அழுத்தினேன். மாமாவைப் போலவே கண்ணையும் மூடிக்கொண்டேன். கையை எடுத்துப் பார்த்தபோது அங்கே எதுவும் தெரியவில்லை. அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாமா சாப்பிட்டு வந்தார். "ஈ எதுனா வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

தூசு விழாமலிருக்க பானட்டைச் சுற்றி பிளாஸ்டிக் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு உள்ளே போனார். அப்பாவும், வேலையைப் பார்க்க வந்திருந்த காலேஜ் பையனும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரசர் இரைந்தது. நான் ஷீட் இடுக்கு வழியாகப் பார்த்தேன். முதலில் ஓரங்கள், பிறகு நடுப்பகுதி. கை ஒரே சீராகப் போய் வந்தது. கறுப்பு அவ்வளவு அழகாக இறங்கிக்கொண்டிருந்தபோதே நடுவில் ஓரிடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகியது. சின்னச் சின்ன வட்டங்கள். வட்டங்கள் சேர்ந்து ஒரு விரல் ஆயிற்று. அப்புறம் இன்னொரு விரல். இரண்டு உள்ளங்கைகள், பத்து விரல்கள், எல்லாம் சின்னச் சின்னதாக.

மாமா கன்னை நிறுத்தினார். குனிந்து அந்த விரல்களைப் பார்த்தார். ஷீட் பக்கம் திரும்பினார். நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

"இன்னாடா, நின்னுட்ட?" என்று கேட்டபடி அப்பா வரும் செருப்புச் சத்தம் கேட்டது. மறுபடி எட்டிப் பார்த்தேன். மாமா தின்னர் துணியை எடுத்து நடுப்பகுதியில் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். கறுப்பும் சாம்பலும் கலந்து சேறாகிக்கொண்டிருந்தது.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஈர பெயிண்ட்ல எவனாவது துணி போடுவானாடா?" பிறகு குனிந்து, ஓரமாக மிச்சமிருந்த இரண்டொரு வட்டங்களைப் பார்த்தார். "எண்ணெ. யாரு கை வெச்சது?" என்னை உள்ளே கூப்பிட்டார். "நீதான இங்க இருந்த?"

"மாமாதான் தடவித் தடவிப் பாத்துக்கினு இருந்தாரு" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. காலையில் அவர் தடவிக்கொண்டுதான் இருந்தார். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு பதிலை நான் பிறகு எந்தப் பரீட்சையிலும் எழுதியதில்லை.

மாமா என்னைப் பார்க்கவில்லை. "ஆமா மச்சான். தலைய கோதிக்கினே கை வெச்சிட்டேன் போல" என்றார்.

அப்பா அவர் கையிலிருந்து கன்னை வாங்கிக்கொண்டார். "போ, பேப்பர எடு. உனக்கு அதான் சரி." காலேஜ் பையன் எதிரிலேயே சொன்னார். பையன் வேறு உச்சுக்கொட்டினான்.

அன்றே மாமா எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தார். மறுநாள் காலையில் அப்பா கறுப்பு அடித்தார், நன்றாகத்தான் வந்தது. அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. நான் வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை அம்மா பக்கத்தில் போய் நின்றேன். என்னடி என்று கேட்டாள். தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கன்னைப் பற்றி அப்பாவும் பேசவில்லை, மாமாவும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து மாமா ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பெரிய வொர்க்ஷாப் ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கேயும் தேய்க்கிற வேலைதான். இன்றைக்கும் அதுதான். தீபாவளிக்கு வந்தால் என் படிப்பைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகப் பேசுவார், நான் அடுக்களைப் பக்கம் போய்விடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவர் மேல் கொஞ்சம் இளக்காரம்கூட இருந்தது. கலர் அடித்த முதல் நாளே பதறிப்போய், ஈரத்தில் துணியைப் போட்டுத் தன் வேலையைத் தானே கெடுத்துக்கொண்டாரே என்று நினைத்தேன். நல்லவேளை, அந்த அவசரத்தில் என் கை அடையாளமும் அழிந்துபோயிற்று என்று சாமிக்கு நன்றி சொன்னேன். பெயிண்டில் என்ன குறை வந்தாலும் காய்கிறவரை அதன் பக்கமே போகக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே மாமாதான். அது அன்று என் நினைவுக்கு வரவில்லை.