ஜிமா மாமாவை நகர்த்திய வரலாறு

"ஜன்னலை மவுஸால பிடிச்சு இழுக்கறவன் புரோகிராமர் இல்ல, சுமைதூக்கி. இந்தக் கை என் தோள்ல இருக்கற வரைக்கும் ஒரு ஜன்னலைக்கூடத் தொட்டு நகர்த்தாது!"

எங்கள் குமாசி நகரம் எத்தனையோ பிரகடனங்களைக் கேட்டு வளர்ந்த ஊர். ஆனால் க்வாக்கு அமோவாத்தெங் இதை வெளியிட்டது அரண்மனை முற்றத்தில் அல்ல. பந்தாமா தெருமுனையில், வாழைப்பழத் துண்டுகளைக் காரம் போட்டுப் பொரிக்கிற சட்டிக்கு முன்னால். கையில் இருந்த பொட்டலம் ஆறுவதற்குள் பேசி முடிக்க வேண்டியிருந்ததால் வரலாற்றுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். சாட்சி இருவர். அவனோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த போன்சு பயபக்தியோடு தலையை ஆட்டினான். எதிர் மருந்துக்கடையின் சொந்தக்காரி அமா டுஃபி ஆட்டவில்லை.

"அப்போ நாளைக்கு நான் 'கொஞ்சம் தள்ளி உக்காரு'ன்னு சொன்னா, அதுக்கும் புரோகிராம் எழுதிட்டுத்தான் தள்ளுவியா?"

"எழுதுவேன்," என்றான் அமோவாத்தெங், கம்பீரமாக.

அந்த நிமிஷமே அவனைக் கட்டிக்கொள்வதென்று அவள் தீர்மானித்துவிட்டதாகப் போன்சு சொல்லுவான். காரணம் காதலா, பரிதாபமா என்பதில் ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அமோவாத்தெங்கின் தொழில், கணினித் திரையில் திறக்கிற ஜன்னல்களை ஒழுங்காக இருக்கச் செய்வது. கோகோ எடைபோடும் கிட்டங்கியானாலும் சரி, ஆஸ்பத்திரிச் சீட்டுக் கவுண்டரானாலும் சரி, எந்த ஜன்னல் எங்கே திறக்கவேண்டும், எவ்வளவு பெரிதாகவேண்டும் என்பதெல்லாம் அவன் எழுதிய இரண்டே ஃபங்ஷன்களின் ஆளுகைக்குள் இருந்தது. ஒன்று நகர்த்தும், மற்றது அளவை மாற்றும். நான்கு எண் கொடுத்தால் போதும்: இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி, மேலிருந்து எவ்வளவு கீழே, அகலம், உயரம்.

"உலகத்துல இருக்கற எதையும் இந்த நாலுக்குள்ள அடக்கிடலாம்," என்பான். அடக்கியும் பார்த்தான். சாப்பாட்டுக் கடையில் ஃபூஃபூ கிண்ணத்தை மேஜையின் இடது மேல் மூலையிலிருந்து விரலால் அளந்துதான் வைப்பான். ட்ரோட்ரோ வண்டியில் கனத்த அம்மாள் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "அகலம் குறிப்பிடப்படவில்லை" என்று முணுமுணுப்பான். அந்த அம்மாள்களுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதால் பாதி வழியில் இறங்கி நடந்த அனுபவமும் அவனுக்கு உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜன்னலை இழுக்கமாட்டானே தவிர, சொடுக்குவதற்காக மவுஸைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். அப்போது தொடுவது இடது கை. நம் ஊரில் இடது கையால் ஒன்றைக் கொடுப்பது, வாங்குவது, சுட்டிக் காட்டுவது எல்லாம் எவ்வளவு பெரிய குற்றம் என்று அவனுக்கும் தெரியும். அலுவலக மேஜைக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். அங்கேதான் டொரொண்டோவில் இருக்கும் ஜிமா மாமா வருகிறார், அதாவது வரமுடியவில்லை. டுஃபியின் தாய்மாமன். பெண்ணைப் பெற்றவர் சம்மதம் சொல்லலாம், வேண்டுமானால் ஆடலாம், பாடலாம். ஆனால் தாய்மாமன் 'சரி' என்று சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் ஷ்னாப்ஸ் மது பாட்டிலை ஒருவரும் கையில் வாங்கமாட்டார்கள். பாட்டிலை வாங்காவிட்டால் கல்யாணம் இல்லை. மாமாவுக்கோ முழங்காலில் அறுவை நடந்திருந்தது, விமானம் ஏறக்கூடாது. ஆகவே மண்டபத்தில் பெரிய திரை கட்டி, மாமாவையும் ஹாம்பர்க்கில் இருக்கும் ஃபொசுவா பெரியம்மாவையும், சியோலில் இருக்கும் அந்த வீட்டுக் கடைசி மருமகன் அசாரேயையும், இன்னும் அங்கங்கே சிதறிக் கிடந்த சொந்தங்களையும் ஆளுக்கொரு ஜன்னலில் உட்காரவைப்பது என்று முடிவாயிற்று.

"எல்லாரையும் ஒரே அளவுல காட்டினா மாமா எந்திரிச்சுப் போயிடுவார், சொல்லிட்டேன்," என்றாள் டுஃபி.

அமோவாத்தெங்குக்கு மெய்சிலிர்த்தது. பிறவிப் பயன் தேடி வந்து கதவைத் தட்டுகிறதே! வயதுக்கும் முறைக்கும் தக்கபடி வரிசை போட்டு, மூத்தவருக்குப் பெரிய ஜன்னல், அடுத்தவருக்கு அதைவிடச் சிறியது என்று எழுதித் தள்ளினான். ஒரு விசையைத் தட்டினால் ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் போய் அமர்வார்கள். போன்சு அதைக் கால்பந்து வீரர்களின் படங்களை வைத்துச் சோதித்தான். கோல்கீப்பர் உட்பட யாரும் ஆட்சேபிக்கவில்லை.

சனிக்கிழமை காலை மண்டபம் நிறைந்தது. மாப்பிள்ளை கென்டே துணியை இடது தோளில் போர்த்தி, வலது தோளைத் திறந்துவிட்டு, வழக்கப்படி வாயைப் பூட்டிக்கொண்டு அமர்ந்திருந்தான். பேசுவதற்குத்தான் வீட்டுக்கு ஒரு அம்மாளை நியமித்திருக்கிறார்களே. மாப்பிள்ளை தரப்பில் கொனாடு அம்மாள். ஒலிபெருக்கியை அவமானப்படுத்துவதற்கென்றே பிறந்த தொண்டை. கணினி முன்னால் போன்சு. விசையைத் தட்டினான். ஜன்னல்கள் வழுக்கிக்கொண்டு வந்து வரிசையாக அமர்ந்தன. மண்டபம் கைதட்டியது. அமோவாத்தெங் கூரையைப் பார்த்து அடக்கமாகப் புன்னகைத்தான்.

கொனாடு அம்மாள் வணக்கம் சொல்லப் பரிவாரத்தோடு புறப்பட்டார். நம் ஊரில் ஒரு வரிசையை வணங்குவதென்றால் வலது கோடியில் தொடங்கி இடப்பக்கம் போவதுதான் முறை. வீடு தீப்பற்றி எரிந்தாலும் நாங்கள் வலப்பக்கத்திலிருந்துதான் துக்கம் விசாரிப்போம். அம்மாள் திரையின் வலது கோடிக்குப் போய்க் குனிந்து, முழங்கினார்:

"இந்தக் குலத்துக்கே நிழல் குடுக்கற பெரிய மரமே! உங்க காலடியில வந்து நிக்கறோம்!"

வலது கோடியில், இருக்கிற ஜன்னல்களிலேயே சின்ன ஜன்னலில், அசாரே இருந்தான். வாயிலிருந்து நூடுல்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. உறிஞ்சி விழுங்கினான்.

"நல்லா இருங்க, பிள்ளைங்களா," என்றான்.

வரிசை முழுவதையும் வணங்கி அம்மாள் இடது கோடிக்கு வந்து சேர்ந்தபோது, மண்டபத்திலேயே மிகப் பெரிய அந்த ஜன்னலில் ஒரு காலி நாற்காலியும் அதன்மேல் ஒரு குளிர்கோட்டும் மட்டும் இருந்தன.

நடந்தது இதுதான். கணினித் திரை இடது மேல் மூலையிலிருந்து எண்ணத் தொடங்கும். அங்கேதான் அதற்குப் பூஜ்யம். அமோவாத்தெங்கும் அங்கிருந்தே தொடங்கி, முதல் மரியாதைக்குரியவரைப் பூஜ்யத்தில் உட்காரவைத்துவிட்டான். நடக்கத் தெரிந்த நாள்முதல் வலப்பக்கத்திலிருந்து கைகுலுக்கி வந்த மனிதன், விசைப்பலகையில் கை வைத்த நொடியில் வேறு நாட்டுப் பிரஜை ஆகிவிட்டான்.

பெண் வீட்டுக்காகப் பேசும் அம்மாள் இடுப்பில் கை வைத்து எழுந்தார். "எங்க மாமாவைக் கடைசியில, அதுவும் இடது கைப் பக்கமா தள்ளி வெச்சிருக்கீங்க. செருப்பு விடற இடமா அது? பாட்டிலையெல்லாம் எடுத்து வண்டியில ஏத்துங்க!"

யாரோ உண்மையாகவே பாட்டில்களை எடுக்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை எழுந்திருக்கக்கூடாது, எழுந்தான். போன்சுவின் காதருகே குனிந்தான்.

"இடத்தைக் குறிக்கற எண்ணைத் திரையோட அகலத்துலேர்ந்து கழிச்சுடு. எல்லாரும் பக்கம் மாறிடுவாங்க."

"கையால இழுத்து வெச்சா ஒரு நொடி வேலையாச்சே, பாஸ்?"

"கழிடா!"

இதற்குள் ஃபொசுவா பெரியம்மா டொரொண்டோவுக்குத் தனியாகப் போன் போட்டுக் கெஞ்சி, மாமாவை நாற்காலிக்குத் திரும்ப வரவழைத்திருந்தார். மாமா உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். போன்சு கழித்தான். விசையைத் தட்டினான்.

எல்லோரும் பக்கம் மாறினார்கள். மாமா மட்டும் காணாமல் போனார்.

அகலத்திலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் அகலமே மிஞ்சும். ஆகவே திரை எங்கே முடிகிறதோ சரியாக அங்கே மாமாவின் ஜன்னல் தொடங்கியது. ஜன்னலின் சொந்த அகலத்தையும் சேர்த்துக் கழிக்க மறந்திருந்தார்கள்.

"என்னை எங்கடா வெச்சிருக்கீங்க?" என்று மாமாவின் குரல் மட்டும் கேட்டது.

மண்டபமே வலப்பக்கம் திரும்பியது. அங்கே சுவர் இருந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து போய் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்.

"மாமாவை நாட்டை விட்டே கடத்திட்டாங்கடோய்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அப்போதுதான் அது நடந்தது. அழைக்கும்வரை மூச்சுவிடும் சத்தம்கூட வெளியே வரக்கூடாத மணப்பெண் அறையிலிருந்து, மூடிய கதவைத் தாண்டி ஒரு கூச்சல்:

"க்வாக்கு! கையால இழுத்துத் தொலைடா!"

பெண்கள் வரிசை குலுங்கியது. மாப்பிள்ளை போன்சுவைப் பார்த்தான். போன்சு பழைய வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தான். மாமா இடது கோடியில், மேகம் கவிந்த முகத்தோடு தோன்றினார். போன்சு நாற்காலியை விட்டு எழுந்து விலகி நின்றான். அமோவாத்தெங் உட்கார்ந்தான். பழக்க தோஷத்தில் இடது கை மவுஸை நோக்கி நீண்டது, கென்டே சரிந்தது, மண்டபம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்தது. இடது கை துணிக்குள் திரும்பிப் பதுங்கியது. வெளியே வந்தது, மவுஸே பிடித்தறியாத வலது கை.

அது மாமாவின் ஜன்னலை மேல்விளிம்பில் பிடித்துத் தூக்கியது.

ஜன்னல் ஏறியது, இறங்கியது, முன்னே ஓடியது, பின்னே சாய்ந்தது. பழகாத கையின் நடுக்கம் அத்தனையும் திரையில் தெரிந்தது. அதைப் பார்த்த முரசுக்காரர் ஒருவருக்கு வேறு எதுவோ தெரிந்தது. அரசரைப் பல்லக்கில் தூக்கி வரும்போது அடிக்கிற அடியை அவர் மெல்லத் தொடங்கினார். மண்டபம் எழுந்து நின்றது. பெண்கள் கைக்குட்டைகளை ஆட்டினார்கள். மாமாவின் ஜன்னல் ஃபொசுவா பெரியம்மாவின் முகத்தின்மேல் ஏறியபோது, "அண்ணே, பாத்துப் போ!" என்றது ஹாம்பர்க்.

மண்டபத்துத் திரை டொரொண்டோவிலும் தெரிந்ததால், மாமா தன் ஊர்வலத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் முதுகு நிமிர்ந்தது. அப்புறம் தோளில் ஒரு கென்டே துணி ஏறியது. நடுவழியில், பல்லக்கில் அமர்ந்தவர்கள் ஆடுவதுபோல் அவர் இரண்டு கைகளையும் விரித்து, அசைந்து ஆடத் தொடங்கினார். ஜன்னல் வலது கோடியைச் சேர்ந்ததும் அமோவாத்தெங் அதன் மூலையைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான்.

மாமா மூச்சு வாங்கினார். "பையன் கை நடுங்குது," என்றார். "ஆனா என்னைக் கீழ போடல. சரி! பாட்டிலை வாங்குங்க."

ஆரவாரம் அடங்குவதற்குள் பெரியம்மாவின் குரல் கிளம்பியது: "அப்போ நான் மட்டும் நடந்தா வரணும்? என்னையும் தூக்கிட்டுப் போங்க மாப்பிள்ளை!"

"அதுக்கப்புறம் நான்!" என்றான் சியோலிலிருந்து அசாரே.

முரசு மறுபடி தொடங்கியது. போன்சு, வேண்டுமா என்பதுபோல் விசைப்பலகையைக் கண்ணால் காட்டினான். அமோவாத்தெங் வேண்டாம் என்று தலையசைத்தான். சரிந்த கென்டேயைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஹாம்பர்க்கின் விளிம்பைப் பிடித்தான்.