பதினைந்து நாள் டிரையல் ரன்

1. மஞ்சள் தாள்

எனக்கு ஐம்பத்தேழு வயது முடிந்த வாரம் டைம் ஆபீஸிலிருந்து ஒரு மஞ்சள் தாள் வந்தது. அடுத்த வருடம் இதே மாதக் கடைசியில் நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள் என்று இரண்டே வரி. கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரவேண்டும். நான் போடவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாய்லர் ஹவுஸுக்குப் போய்விட்டேன்.

இது எழுபதாம் வருடத்துச் சங்கதி. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் நான் பாய்லர் அட்டெண்டண்ட். ஃபயர்மேன்கள் இரண்டு பேர் கரி அள்ளிப் போடுவார்கள். நான் பிரஷர் பார்ப்பேன், ஃபீட் பம்ப் பார்ப்பேன், எல்லாவற்றையும் விட கேஜ் கிளாஸைப் பார்ப்பேன். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய் அது. தண்ணீர் இறங்கியதைக் கவனிக்காமல் விட்டால் பாய்லர் வெடித்துக் கட்டடமே எழும்பிப் போய்விடும். ஆகவே யாராவது ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். முப்பது வருடமாக அந்த ஒருவன் நான்.

அன்று ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது, கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் கோவிந்தராஜ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பாய்லர் ஹவுஸில் வேறு ஷிப்டில் இருந்தவர், எனக்கு மூத்தவர். ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் காலை ஆறே முக்கால் சங்குக்கு வந்துவிடுவார். மதியம் ஷிப்ட் மாறும்வரை அதே பெஞ்ச்.

"இன்னா சாமி, பிரஷர் எவ்ளோ நிக்குது?"

"நூத்திப் பத்துண்ணே."

"தண்ணி?"

"அரைக் கிளாஸுக்கு மேல கீதுண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டு டீயைக் குடித்தார். பக்கத்தில் இருந்த ஃபயர்மேன், "நைனாவுக்கு கம்பேனி இன்னும் சார்ஜ் குடுத்துகினு கீதுப்பா" என்று சிரித்தான். தினமும் நானும் கூடச் சிரிப்பவன்தான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார இடம் இருந்தது.

2. அந்தோணியின் வலை

அந்த பெஞ்சுக்குப் போகக்கூடாது. அது ஒன்றுதான் எனக்கு லட்சியமாக இருந்தது. மணிக்கு மணி பிரஷர் எழுதுகிற பழைய லாக் ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். மீன்பிடி, மாதா கோயில் வேலை, கோழி வளர்ப்பு. ஒவ்வொரு வார ஓய்வு நாளிலும் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

என் மனைவி ரோசலினின் தம்பி அந்தோணி காத்திவாக்கத்தில் இருந்தான். கழிமுகத்தில் இறால் பிடிப்பவன். முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் அவனிடம் போனேன். வலையைப் பிரித்து என் மடியில் போட்டு, கிழிந்த இடத்தைக் கோர்க்கச் சொல்லிக்கொடுத்தான். அரைமணி நேரத்தில் நான் ஆறு தடவை எழுந்துவிட்டேன்.

"எப்ப தண்ணிக்குப் போவீங்க?"

"தண்ணி ஏறட்டும் மாமா."

"எப்ப ஏறும்?"

"ஏறும்போது ஏறும். நீ குந்து மாமா. கடலு எங்கியும் ஓடிப் போவாது."

எனக்கு அது பிடிபடவில்லை. காத்திருக்கிற வேலை எனக்கும் பழக்கம்தான். ஆனால் எங்கள் காத்திருப்புக்கு ஒரு முள் உண்டு, எண் உண்டு, மணிக்கு ஒரு தடவை எழுத ஒரு கட்டம் உண்டு. மணல்மேல் உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் பார்க்கச் சொன்னால் எனக்குக் கால் அரித்தது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை இறால் விழும் என்று கேட்டேன். அந்தோணி என் மடியிலிருந்த வலையை எடுத்துச் சுருட்டினான்.

கோயில் வேலையும் சரிப்படவில்லை. பங்குச் சாமியார் நல்ல மனிதர். கோயில் வேலை பார்க்கிற சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். மூன்றாவது வாரம் நான் அவரிடம் போய், ஞாயிறு காலைப் பூசை ஒவ்வொரு வாரமும் எத்தனை நிமிடம் தாமதமாகத் தொடங்கியது என்று எழுதிய தாளை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "ஆரோக்கியசாமி, ஆண்டவர் இன்னும் புகார் சொல்லவில்லையே" என்றார். அதற்கு மேல் நான் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கோழிகளைப் பற்றி எழுதவே வேண்டாம். பக்கத்து வீட்டு நாய் அந்தத் திட்டத்தை ஒரே நாளில் முடித்துவைத்தது.

3. லீவ்

பாய்லரைப் பிரித்து ஓவர்ஹால் செய்தால் உடனே லைனில் போடமாட்டோம். சில நாள் டிரையல் ரன் ஓட்டிப் பார்ப்போம். ஓய்வு வாழ்க்கையையும் அப்படி ஓட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பதினைந்து நாள் லீவ் எழுதிக்கொடுத்தேன். இன்ஜினியர் தாளையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"லீவா? நீயா? உடம்புக்கு என்னய்யா?"

"ஒண்ணும் இல்ல சார். சும்மா வூட்ல இருந்து பாக்கறேன்."

"சும்மா இருக்கறதுக்கா லீவு கேக்கறே? பைத்தியக்காரன்" என்று கையெழுத்துப் போட்டார்.

மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மகன் பட்டாளத்தில். வீட்டில் நானும் ரோசலினும்தான். லீவின் முதல் நாள் மதியத்துக்குள் கூரை ஓடுகளைச் சரிசெய்து, கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டு, சைக்கிளைக் கழற்றி மாட்டிவிட்டேன். இரண்டாம் நாள் செய்ய ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். நான்காம் நாள் என் கண்ணில் பட்டது பம்பு ஸ்டவ்.

அதில் பிரஷர் இருந்தது, தீ இருந்தது, மேலே தண்ணீர் கொதித்தது. எனக்கு வேறென்ன வேண்டும்? சமையலறைச் சுவரில் ஒரு லாக் ஷீட் ஒட்டினேன். ‘6.10 லைட் அப். 6.22 வாட்டர் பாயிலிங். 6.40 அரிசி சார்ஜ்’ என்று பென்சிலால் எழுதினேன். ரோசலின் ஸ்டவ்வுக்குக் காற்று அடித்தால், இத்தனை தடவைதான் அடிக்கவேண்டும் என்றேன். அடைப்பெடுக்கப் பின் ஊசியைக் குத்தினால், அப்படிக் குத்தக்கூடாது என்றேன். முதல் நாள் அவள் சிரித்தாள். இரண்டாம் நாள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடிக்கொண்டால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருடத்தில் நான் தெரிந்துகொண்டிருக்கவேண்டும்.

4. ஒப்படைப்பு

எங்கள் தொழிலில் மாற்றமுடியாத ஒரு விதி உண்டு. அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து நின்று, தண்ணீர் எப்படி, தீ எப்படி, எங்கே கசிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நாம் நகரலாம். அவர் வராவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் போகக்கூடாது. ஒரு புயல் மழையில் ரிலீவர் வராமல் நான் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் நின்றிருக்கிறேன். அதற்காக இன்ஜினியர் கைகுலுக்கினார்.

ஆறாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஸ்டவ்வில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது என்று சத்தம் கேட்டு, ரோசலின் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் வழிமறித்தேன்.

"தீய விட்டுட்டு எங்க போற?"

"தண்ணிக்குத்தான். ரெண்டு கொடம் புடிச்சிகினு வந்துட்றேன்."

"ரிலீவர் வராம எடத்த விட்டு நகரக்கூடாது!" என்று கத்திவிட்டேன். ஃபயர்மேன்களை அதட்டுகிற அதே குரல்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை.

"ரிலீவரா? கல்யாணம் கட்டிகினு வந்து முப்பத்திமூணு வருசம் ஆவுது. எனுக்கு எந்த ரிலீவர்யா வந்தான்? ரெண்டு புள்ளய பெத்தப்ப கூட, பதினோராம் நாளு இந்த அடுப்புக்கு முன்னாடி வந்து குந்தினேன். ஒனுக்கு ரிட்டயர்மெண்டாம், அதுக்கு டிரையலாம். எனுக்கு எப்பய்யா மஞ்சத் தாளு வரும்?"

தாள் வந்ததை நான் அவளிடம் சொல்லவே இல்லை. சட்டை துவைக்கும்போது பார்த்திருக்கிறாள்.

கரண்டியை என் கையில் வைத்தாள். "இந்தா. புளி ஊத்தியாச்சு. உப்பு பாத்தாச்சு. மீனு இன்னும் போடல. ஸ்டவ்ல எண்ணெ கம்மியா கீது. டூட்டி ஒப்படைச்சிட்டேன்." புடவையை மாற்றிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கிப் போய்விட்டாள். விதிப்படிதான் ஒப்படைத்திருந்தாள்.

மதியம்வரை எனக்குக் கோபம். ஒரு மணிக்கு மேல் பயம் வந்தது. எங்கே போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு வருவாள் என்றும் தெரியாது. தேடிப் போகலாம் என்று இரண்டு தடவை வாசல்வரை வந்து திரும்பினேன். குழம்பில் மீனை எப்போது போடுவது என்று தெரியாமல் சீக்கிரமே போட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால் முள்தான் வந்தது.

ஸ்டவ் தரையில் இருந்தது. அதன் முன்னால் குந்தியே இருந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்து எழுந்தபோது, அந்த இடத்தில் சுவர் வழவழவென்று தேய்ந்திருப்பதைக் கண்டேன். அதே இடத்தைப் பிடித்துத்தான் அவளும் தினம் எழுந்திருக்கிறாள். சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. பாய்லர் ஹவுஸில் எங்களுக்கு உட்கார ஸ்டூல் உண்டு, குடிக்க மோர் உண்டு, வாரம் ஒருநாள் ஓய்வு உண்டு. புகை அதிகம் என்று யூனியன் கேட்டு, மேலே விசிறி வைத்துக்கொடுத்தார்கள். நான்தான் மனு எழுதினேன். அதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்தரை மணிக்கு வந்தாள்.

"எங்க போன?"

"ராயபுரம். கன்னியர் மடத்துத் தையல் கூடத்துக்கு."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அங்கே கோயில் பீட விரிப்புகளுக்குப் பூவேலை செய்துகொண்டிருந்தாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"சிஸ்டரு ஒரு துண்டு துணி குடுத்து, போட்டுக் காட்டுன்னாங்க. கை மறக்கலய்யா. திங்கக்கெழமலேர்ந்து தெனம் ரெண்டு மணிக்கு வரேன்னுட்டேன். வூட்ல கேட்டுகினு சொல்றேன்னு சொல்லல. வரேன்னே சொல்லிட்டேன்."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. "சாயங்காலச் சோறு?" என்றேன்.

"அதான் நீ கீறயே" என்றவள், குழம்புச் சட்டியைத் திறந்தாள். "மீனு எங்கய்யா?"

"கரஞ்சிடிச்சு."

அவள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

5. பெஞ்ச்

லீவ் முடிந்து போன அன்று மஞ்சள் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மதியம் வெளியே வந்து கோவிந்தராஜ் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஏன்ணே தெனம் வரீங்க?" என்று கேட்டேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகவே சொன்னார்.

"வூட்ல எது எங்க கீதுன்னு எனுக்குத் தெரியல சாமி. பொஞ்சாதி இருந்த வரிக்கும் நான் சமையக்கட்டுக்குள்ள கால் வெச்சதில்ல. அவ பூட்டா. இப்ப மருமவ கீறா. ஒரு டம்ளர தொட்டா, ‘நைனா, நீங்க போய் குந்துங்க’ன்றா. மரியாதையாத்தான் சொல்றா. எங்க போய் குந்தறது? இங்க வந்து குந்தறேன்."

இன்னும் இரண்டு டீ வாங்கினேன்.

6. இப்போது

அந்த வருடம் முழுக்க, ஷிப்ட் இல்லாத வேளையில் சாயங்காலச் சமையல் என்னுடையது. மறு வருடம் கம்பெனியில் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். மறுநாளே செங்கல் வாங்கி, சமையலறையில் நின்று சமைக்கிற உயரத்துக்கு ஒரு மேடை கட்டினேன். சுவரை உடைத்து ஜன்னல் வைத்தேன். "இத்தினி வருசம் எனுக்குத் தோணல, ஒரே வருசம் முட்டி நோவுனதும் ஒனுக்குத் தோணிடிச்சி" என்றாள் ரோசலின். பாராட்டா, குத்தலா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

நிம்மதியாகிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். காலைச் சங்கு ஊதினால் இன்றைக்கும் கால் வாசலுக்குப் போகிறது. மதியம் அவள் கிளம்பிப் போன பிறகு வீடு என்னைத் துரத்துகிறது. அரிசியை இரண்டு தடவை கழுவுகிறேன். எரியாத ஸ்டவ்வைத் துடைக்கிறேன். இந்தப் பரபரப்பு என்னோடுதான் போகும்போல் இருக்கிறது. ஆனால் ஐந்தரைக்கு ஒருவர் பசியோடு வருவார், அதற்குள் முடிக்கவேண்டும் என்று ஒன்று இருக்கிறது. அது போதுமா என்றால், பெரும்பாலான நாள் போதுகிறது.

இன்று வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரிட்டயர் ஆனால் என்ன செய்வது என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் அலையாதீர்கள். நீங்கள் முப்பது வருடம் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தீர்கள் என்றால், உங்களுக்காக ஒருவர் நகராமல் நின்றிருக்கிறார். முதலில் அவர் எங்கே போக விரும்புகிறார் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. அவளே கரண்டியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியிருந்தது.

போன மாதம் கோயில் திருவிழாவுக்காகத் தையல் கூடத்தில் ஒரு வாரமாக ஓயாத வேலை. கடைசி நாள் விரிப்பை முடித்துக் கொடுத்துவிட்டு, அவள் நாலு மணிக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றினாள். என்ன சமையல் என்று கேட்கவில்லை. வீட்டுக் கூடத்தில் வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். "செத்த நேரம்" என்றாள். ஜன்னல் வெயில் அவள் காலில் விழுந்தது. குறட்டைகூட வந்தது. நான் கரண்டியோடு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.