அவள் விட்டுப்போன வாத்துகள்

சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மைசூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் குமாஸ்தா. என் மனைவிக்குக் கொள்ளேகாலத்துப் பக்கம். கல்யாணமாகி வந்தபோது ஒரு கூடையில் கோழிகளும் இன்னொன்றில் வாத்துகளும் கொண்டு வந்தாள். கொல்லை முழுக்க அவள் ராஜ்யம். முட்டை தின்பதோடு என் வேலை முடிந்தது.

பிறகு அவளுக்கு இருமல் வந்தது, நிற்கவில்லை. ஊருக்கு வெளியே இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார் டாக்டர். ஜட்காவில் ஏறும்போது என் முகத்தைப் பார்க்காமல், "இருட்டறதுக்குள்ள அதுகளை அடைச்சிருங்க" என்றாள். பார்த்திருந்தால் இரண்டு பேருமே அழுதிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்க்க விட்டார்கள். வராந்தாவில் அவள் கட்டில். நான் படிக்குக் கீழே நிற்க வேண்டும். கொண்டுபோன முட்டைகளை நர்ஸ் வாங்கிக்கொள்வாள்.

"ஏனுங்க, கோழிக எப்படி இருக்குதுங்க?"

"ரெண்டு கோழி மூக்கு ஒழுகிட்டு நிக்குது."

"வாத்தையும் அதையும் ஒரே கூட்டுல அடைக்கிறீங்களா?"

"ஆமா."

"ஐயோ! வாத்துக தண்ணியெல்லாம் எறைச்சு வைக்கோலை நனைச்சிருமுங்க. கோழிக்கு ஈரம் ஆவாது. தனியா அடையுங்க."

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய பேச்சு அவ்வளவும் இதுதான். எனக்குக் குறையாகவே இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பழைய பலகைகளை அடித்து வாத்துகளுக்குத் தனிக் கூடு செய்தேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் கீரி மண்ணைத் தோண்டிக்கொண்டு கூட்டுக்குள் புகுந்து ஆண் வாத்தைக் கொன்றுவிட்டது. அந்த ஞாயிறு அவளிடம் சொன்னேன். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"மத்ததுக ரொம்பப் பயந்திருக்குமுங்க. கொஞ்ச நேரம் பக்கத்துல போய் உக்காருங்க."

கூட்டைச் சுற்றிக் கருங்கல் புதைத்து, கம்பி வலை அடித்தேன். அவள் சொன்னபடி உட்காரவும் செய்தேன். ஆபீஸ் விட்டு வந்ததும் துவைக்கிற கல்லில் அமர்ந்து, தவிட்டில் சோற்றைப் பிசைந்து வைப்பேன். பெட்டை வாத்துகள் முதலில் எட்டியே நின்றன. நாளடைவில் என் காலருகே வந்து படுத்தன. அவற்றிடம் அவளைப் பற்றிப் பேசுவேன். வேறு யாரிடமும் பேச முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "யாவாக பர்த்தாரே?" என்று கேட்பார். எப்போது வருவாள் என்று எனக்கே தெரிந்தால்தானே சொல்ல?

புதிதாக வந்திருந்த ஊசி மருந்து அவளுக்குக் கேட்டது. மறு வருஷம் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொல்லைக்குப் போனாள். கையை நீட்டினாள். வாத்துகள் மிரண்டு ஓடி வந்து என் பின்னால் ஒளிந்துகொண்டன.

"என்னை மறந்துபோச்சுதுங்க" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்; நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"நாளாச்சில்ல, பழகிக்கும்" என்றேன்.

அவள் கையாலேயே தின்று பழகட்டும் என்று, மறுநாள் முதல் தீனி வைக்கும் நேரத்தில் நான் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். ஆபீஸ் விட்டதும் தேவராஜ மார்க்கெட்டுக்குள் போய், எதுவும் வாங்காமல் பூக்கடைகளையும் வாழைப்பழக் கடைகளையும் சுற்றினேன். இத்தனை மாதம் யாருக்காக ஏங்கினேனோ அவள் வீட்டில் இருந்தாள். நான் தெருவில் நின்றேன். கால்கள் வீட்டுப் பக்கமே இழுத்தன.

ஒரு சாயங்காலம் சந்து திரும்பும்போதே அவள் குரல் கேட்டது. "பா பா பா... ஏய், மிதிக்காதே, உனக்கும் இருக்குது!" வாத்துகள் ஒரே கூச்சல். நடுவே அவள் சிரித்தாள்; இருமல் கலக்காத சிரிப்பு. வாசல் கதவில் கை வைத்தபடி நின்றேன். அந்தச் சத்தமெல்லாம் அடங்கிய பிறகுதான் உள்ளே போனேன்.