ரிசல்ட்டைக் கெடுக்கும் கான்ட்ராக்ட் பிள்ளைகள்

இன்று பண்ருட்டியில் பஸ் ஏறியதும், நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட்டாக வேலை பார்க்கும் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய மூத்த மகள் எங்கள் நடுநிலைப்பள்ளியில் என்னிடம் படித்தவள்.

“பையன வேற ஸ்கூல்ல போடலாம்னு இருக்கேன் டீச்சர். உங்க ஸ்கூல்ல இப்ப எல்லாம் கான்ட்ராக்ட்காரங்க புள்ளைங்க. ரிசல்ட் எப்படிங்க வரும்?”

“உங்க பொண்ணு என்ன ரேங்க்குங்க?”

“எப்பவும் ஃபர்ஸ்ட் ரேங்க்” என்றார் பெருமையாக.

“அவ படிக்கிறப்ப நீங்க பர்மனென்ட்டா இருந்தீங்களா?”

“இல்லைங்க, கான்ட்ராக்ட்ல ஓடிக்கினு இருந்தேன்” என்றார்.

இறங்கும்போது, “அட்மிஷன் எப்பங்க டீச்சர்?” என்றார்.

பர்மனென்ட் ஆனால் குடியிருக்க கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைக்கும். சாமான்களோடு கான்ட்ராக்ட் நாட்களின் ஞாபகத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் உங்கள் பிளாக்கில் யாராவது உண்டா?