சரிபாதிப் புல்

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு நியாயம் என்றால் அளவுகயிறுதான். எதையும் இரண்டாக அளந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள். அந்தக் குதிரைகளின் கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இணுவிலில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பொதுச் சீதனமாக ஒரு புல்லுக்காணி இருந்தது. அப்பா அப்போதிக்கரி. ஊர் ஊராக நோயாளிகளைப் பார்க்க வண்டியில் போவதற்கு ஒரு நெட்டைக் குதிரை வைத்திருந்தார். கொழும்பில் பந்தயம் ஓடிக் களைத்த பிறவி அது. எவ்வளவு தின்றாலும் விலா தெரியும். ஓலை விழுந்தால் மிரளும். பெரியப்பா மலாயாவில் பென்சன் எடுத்து வந்தவர். போவதற்கு இடமும் இல்லை, வேலையும் இல்லை. ஆனாலும் சகலனிடம் ஒன்று நிற்கிறதே என்று நெடுந்தீவிலிருந்து ஒரு மட்டக்குதிரையைத் தோணியில் ஏற்றி வந்தார். அது புல்லைப் பார்த்தாலே கொழுக்கும். கடிக்கவும் செய்யும், உதைக்கவும் செய்யும்.

மாரி முடிந்து அறுகு தழைத்திருந்த நேரம். இரண்டையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டார்கள். மட்டம் நெட்டையை ஒரு மூலைக்குத் துரத்திவிட்டு முழுக்காணியையும் தானே மேய்ந்தது. கொஞ்ச நாளில் நெட்டை வண்டி இழுக்க மாட்டாமல் நடுவழியில் நின்றது. மட்டமோ கொழுப்பேறி, குளம்பு கொதித்து நொண்டியது. மாட்டு வைத்தியர் வந்து பார்த்து, ஒன்றுக்குப் புல்லைக் கூட்டுங்கள், மற்றதுக்குக் குறையுங்கள், வேறு மருந்து வேண்டாம் என்றார். இதைவிட எளிய வைத்தியம் உண்டா? அப்பா மட்டத்துக்கு ஒரு வாய்க்கூடு பின்னுவித்து அனுப்பினார். பெரியப்பா அதைத் தன் வாயையே கட்டியதாக எடுத்துக்கொண்டு தூக்கி எறிந்தார்.

பிறகென்ன, கயிறு வந்தது. காணியைச் சரிபாதியாக அளந்து நடுவில் வேலி போட்டார்கள். போட்ட கையோடு அப்பா, இனி அந்த வீட்டோடு ஒரு கதையும் இருக்கக் கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். பெரியம்மாவுக்கும் அங்கே அதே கட்டளைதான். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் இருவரும்.

சரிபாதிப் புல் நெட்டைக்குப் போதவில்லை. மட்டத்துக்கு அதுவே மிதமிஞ்சியது. மிஞ்சுகிற புல்லைக் கேட்டுப் பார்க்கச் சொல்லி அம்மா கெஞ்சினார். அதைவிட நடந்தே நோயாளிகளைப் பார்க்கப் போகலாம் என்றார் அப்பா. எப்படியோ அது பெரியப்பாவின் காதுக்குப் போனது. அவர் வேலியடிக்கு வந்து நின்று ஊருக்கே கேட்கச் சொன்னார்:

"என்ரை குதிரை தின்னாட்டிலும் புல்லு என்ரை. காய்ஞ்சு போகட்டும்."

அதற்குப் பிறகுதான் அதிசயம். நெட்டைக்கு மெல்ல மெல்லச் சதை பிடித்தது. மட்டம் மெலிந்து, நொண்டல் விட்டு நடந்தது. வேலி போட்டதால்தான் எல்லாம் சரிவந்தது என்று இந்த வீட்டில் அப்பாவும் அந்த வீட்டில் பெரியப்பாவும் பெருமையடித்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு மத்தியானம், அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், அம்மாவைத் தேடிக் காணிக்குப் போனேன். வேலி மூலையில் நாலைந்து கதியால் தடிகள் பிடுங்கிச் சாய்க்கப்பட்டிருந்தன. நெட்டை பெரியப்பாவின் பக்கத்தில் நின்று மேய்ந்தது. மட்டம் அந்தப் பழைய வாய்க்கூட்டோடு மரத்தில் கட்டிக் கிடந்தது. நிழலில் பெரியம்மா அம்மாவின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அம்மா திடுக்கிட்டு எழுந்தார்.

"குதிரை பாவம் எண்டுதான் வந்தனான், பிள்ளை. அப்பாட்டைச் சொல்லிப்போடாதை."

நான் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அப்பாவின் குறட்டை தொடங்கியதும் அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு குதிரையை மேய்க்கப் போவதைப் பார்ப்பேன்.

அடுத்த வருடம் அப்பா மோட்டார்க் கார் வாங்கினார். நெட்டையைச் சுன்னாகத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுபோக ஆள் வந்தபோது அம்மா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"ஒரு குதிரைக்கு ஆரும் உப்பிடி அழுவினமோ?"

அம்மாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கிட்டப் போய், அப்பாவுக்குக் கேட்காமல் காதோடு ஆறுதல் சொன்னேன்.

"அழாதேங்கோ அம்மா. காருக்குப் புல்லு வேண்டாம். இனி நீங்கள் மத்தியானத்திலை வேலிக்கு அங்காலை போகத் தேவையில்லை."

அம்மா இன்னும் பெரிதாக அழுதார். இவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஒரு குதிரைக்காக அழுகிறாரே என்று, அப்பாவைப் போலவே எனக்கும் எரிச்சல் வந்தது.