கூட்டத்தைத் தாண்டிய ஒயர்கூடை

போன சனிக்கிழமை பழவேற்காட்டில் ஒரு மளிகைக்கடைக்குள் நுழைந்தேன். நுழைந்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. தள்ளப்பட்டேன்.

மறுநாள் சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக எங்கள் அனுப்பம்பட்டு வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். இறால் வாங்கத்தான் பழவேற்காடு போனேன். வாங்கியாயிற்று. பஸ் ஏறப் போகும்போதுதான் ஞாபகம் வந்தது – பிரெட்! சம்பந்தியம்மாவுக்கு என் கையால் பிரெட் அல்வா என்று போனில் பெருமையடித்திருந்தேனே... இரண்டு பாக்கெட் பிரெட்தானே, இரண்டு நிமிஷ வேலை என்று பஜார் கடைக்குப் போனேன்.

இரண்டு நிமிஷமா? ஊரே அங்கேதான் இருந்தது.

புயல் எச்சரிக்கை என்று ஒரு வாரமாக யாரும் கடலுக்குப் போகவில்லை. படகுகளை ஏரிக்குள் கட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலையில்தான் போகலாம் என்று அறிவிப்பு வந்திருந்தது. ஒரு வாரமாகக் காலியாய்க் கிடந்த டப்பாக்களை நிரப்ப, லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்கள் பாலம் தாண்டி வந்து கடையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டக் கடையில் சாமான் வாங்க என்னிடம் சில வித்தைகள் உண்டு. கடைக்காரரின் கண்ணையே பார்ப்பது. "சில்லறையா வெச்சிருக்கேன்" என்று சத்தமாகச் சொல்வது – இதற்கு மயங்காத கடைக்காரர் உண்டா? கடைசி ஆயுதம், முழங்கை. அன்று ஒன்றும் பலிக்கவில்லை. மீன்கூடை தூக்கிப் பழகிய தோள்களிடம் என் முழங்கை என்ன செய்துவிடும்?

எப்படியோ அலமாரியில் மிச்சமிருந்த கடைசி இரண்டு பிரெட் பாக்கெட்டை எட்டிப் பிடித்துவிட்டேன். ஆனால் பில் போடும் இடம் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. பையில் இறால் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அதைவிட வேகமாக என் பொறுமை சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, கல்லாகிட்ட வந்ததும் உங்களுக்கு நல்ல யோசனை ஒண்ணு சொல்றேன்!" என்று எட்டிக் கத்தினேன்.

வேறென்ன, டோக்கன் மெஷின்தான். நம்பர் வாங்கிக்கொண்டு வரிசையாக நின்றால் இந்தத் தள்ளுமுள்ளு உண்டா?

யோசித்துப் பாருங்கள்... டச்சுக்காரர்கள் கப்பலேறி இந்த ஊருக்கு வந்தது எதற்கு? ஷாப்பிங்குக்குத்தானே! துணி வாங்க வந்தவர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள் உண்டு. பில் போடக் காத்திருந்தவர்கள் என்பார் என் வீட்டுக்காரர். மூன்றாவது சிலை நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் வாசல்பக்கம் ஒரு குரல். சத்தமான குரல்கூட இல்லை.

"அண்ணே, எங்க போட்டு இன்ஜின் இப்பத்தான் ரெடியாச்சு. மொகத்துவாரத்துல தண்ணி எறங்கினு கீதாம்."

அவ்வளவுதான். கடையில் சத்தம் நின்றது.

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேன். அவள் அந்தப் பெண்ணின் நாத்தனாராம். "கன்னியம்மா வூட்டு போட்டும்மா. மத்ததெல்லாம் அப்பவே கெளம்பிடுச்சு. ஏரி வாய்ல மணல் ஏறிக் கெடக்குது. தண்ணி எறங்கிட்டா போட்டு தரை தட்டிடும். இன்னிக்கு ராவும் போச்சுன்னா அவ வூட்ல அடுப்பு எரியாது. ராவெல்லாம் கடல்ல கெடக்கிறவனுங்களை வெறும் வயித்தோட அனுப்பவும் முடியாதில்லே?"

கன்னியம்மா கூட்டத்தைப் பார்த்தாள். உள்ளே வர வழியில்லை. வழி விடவும் யாருக்கும் இடமில்லை.

கையிலிருந்த ஒயர்கூடையைத் தலைக்கு மேல் தூக்கினாள். ஒரு கை அதை வாங்கியது. அடுத்த கை. அதற்கடுத்த கை. கூடை தலைகளுக்கு மேலே கல்லாவை நோக்கிப் போக ஆரம்பித்தது. போகப் போக, அவரவர் பையிலிருந்து ஒவ்வொன்றாக அதில் விழுந்தது. ஒருத்தி டீத்தூள் போட்டாள். ஒருத்தி சர்க்கரை. அரிசிப் பை, மிளகாய்த்தூள், தீப்பெட்டி... மணிக்கணக்கில் நின்று வாங்கிய சாமான்! யாரும் யாரையும் கேட்கவில்லை. இது நான் போட்டது என்று யாரும் பெயர் சொல்லவில்லை. சற்று முன்னால் ஒரு கிலோ பருப்புக்காகச் சண்டை போட்ட அதே பெண்கள்தான்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயிலில்கூட எனக்கு இப்படி ஆனதில்லை.

கல்லாவில் அண்ணாச்சி ஒரு எண்ணெய் பாக்கெட்டைப் போட்டுக் கூடையைத் திருப்பினார். திரும்பும் வழியில் அது என் தலைக்கு மேல் வந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பிரெட் என் கையில். சம்பந்தியம்மா என் மனதில்...

போட்டுவிட்டேன். இரண்டையும்.

கூடை வாசலைத் தொட்டதும் கன்னியம்மா ஆட்டோவுக்கு ஓடினாள். நன்றி சொல்ல அவளுக்கு நேரமில்லை. எதிர்பார்க்கவும் இங்கே ஆளில்லை.

வியாபாரம் மறுபடி நடந்தது. ஆனால் தாழ்ந்த குரலில். எல்லார் கண்ணும் நாத்தனார் கையிலிருந்த போனில். அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். அது அடித்தபோது நானும் கழுத்தை நீட்டினேன். யாரோ முன்பின் தெரியாதவர்களின் படகு அது. எனக்கென்ன?

"தாண்டிடுச்சாம்!"

கடையே "ஹோ" என்று கத்தியது. நானும்தான். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன் – அதற்குள் ஒருத்தி என் காலை மிதித்து முன்னால் போய்விட்டாள். கூட்டம் பழையபடி கூட்டமாகிவிட்டது.

ஒருவழியாகக் கல்லாவை அடைந்தேன்.

"இன்னாம்மா, என்னவோ நல்ல யோசனை சொல்றேன்னீங்களே?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணுமில்லே அண்ணாச்சி. கூடையில போன ரெண்டு பிரெட்டையும் பில்லுல சேர்த்துக்குங்க. அரைக் கிலோ ரவை போடுங்க. கேசரி கிண்டணும்."